ஓரம் தெரியாத கட்டி

செவிலியர் பயிற்சிப் பள்ளியில் மெழுகுக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். வருகைப் பதிவில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் வாசல் காவலாளி உதட்டைப் பிதுக்கி, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று அனுப்பிவிடுவார்.

மீசை முளைப்பதற்கு முன்பே மெழுகுவத்திப் பட்டறையில் சேர்ந்தவர் அவர். மெழுகை உருக்கி, அச்சில் ஊற்றி, திரியை நேராக இழுத்துக் கட்டி, அந்த வேலையிலேயே தலை நரைத்தது. பட்டறைக்காரர் ஒருநாள் இடத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனபோது, தெரிந்தவர் ஒருவர் கைகாட்டி இந்த வேலை கிடைத்தது. பள்ளியின் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

அந்த அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே கட்டில் விரிப்புகள், ஊசி போட்டுப் பழகுவதற்கான ரப்பர் கைகள், பிரசவம் சொல்லிக்கொடுக்கும் துணிப் பொம்மை, கொக்கியில் தொங்கும் ஓர் எலும்புக்கூடு. எலும்புக்கூட்டுக்கு அவர் மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார். "மாப்பிள்ளைக்குச் சுண்டுவிரலக் காணோம் டீச்சர். உங்க பிள்ளைங்கள்ல யாரோ ஞாபகமா எடுத்துட்டுப் போயிருக்காங்க" என்பார். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. கேட்பவர்கள்தான் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

டீச்சர் என்று அவர் சொன்னது, பெண்களின் நோய்களைப் பற்றிப் பாடம் எடுத்த பயிற்றுநரை. மெழுகுக்காரரைவிடப் பல வயது இளையவர். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். மார்பில் கட்டி இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடிப்பதை மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது டீச்சரின் வேலைகளில் ஒன்று. அதற்கென்று பள்ளியில் இருந்த ரப்பர் உருவங்கள் பழையவை. வெயில்பட்ட செருப்பு மாதிரி இறுகிப்போனவை.

"இதத் தொட்டுப் பழகிட்டு நாளைக்கு மனுஷ உடம்பத் தொட்டா இதுங்களுக்கு ஒண்ணும் புரியாதுண்ணே. சதைன்னா சதை மாதிரி இருக்க வேணாமா?" என்று டீச்சர் ஒருநாள் சலித்துக்கொண்டார்.

மெழுகுக்காரர் அந்த ரப்பரை வாங்கி அழுத்திப் பார்த்தார். "நான் ஒண்ணு செஞ்சு பாக்கட்டுமா?" என்றார்.

முதலில் அவருக்குத் தெரிந்த மெழுகுவத்தி மெழுகையே சமையல் எண்ணெயில் கலந்து பார்த்தார். அது சோப்பு மாதிரி உதிர்ந்தது. தேன்மெழுகு போட்டுப் பார்த்தார். உறைந்தது, ஆனால் நிறையப் போட வேண்டியிருந்தது, அறை முழுக்கத் தேன் வாடை. கடைசியில் அரிசித் தவிட்டிலிருந்து எடுக்கும் மெழுகு கைக்கு வந்தது. அதைச் சூரியகாந்தி எண்ணெயில் போட்டு, இரண்டும் ஒன்றாகித் தெளியும்வரை சூடாக்கி, அச்சில் ஊற்றி, ஆறவிட்டார். ஒரு கைப்பிடி மெழுகு ஒரு பாத்திரம் எண்ணெயைக் கட்டிப்போட்டது. காலையில் அச்சைக் கவிழ்த்தபோது, தொட்டால் அமுங்கி, விட்டால் மெல்ல எழும் ஒன்று மேசையில் கிடந்தது.

அவ்வளவு சுலபமாகவும் அமையவில்லை. ஆறும்போது கிளறினால் குழைந்தது. மின்விசிறிக்குக் கீழே வைத்தால் ஓரத்தில் ஒரு பதம், நடுவில் ஒரு பதம். மெழுகு குறைந்தால் எண்ணெய் கசிந்து மேசையெல்லாம் வழிந்தது. அவருக்கு அதெல்லாம் பழக்கப்பட்ட தொல்லைகள்தான். மெழுகோடு மல்லுக்கட்டுவது அவருக்கு ஆயுள் முழுக்கச் செய்த வேலை. சில வாரங்களில் இளம் பெண்ணின் உடம்புக்கு ஒரு பதம், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பதம், வயதானவளுக்கு ஒரு பதம் என்று பிரித்து ஊற்றக் கற்றுக்கொண்டார். மேலே மெல்லிய ரப்பர் தோல். உள்ளே, பாடப்புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்து, மெழுகு அதிகம் போட்டு உருட்டிய கட்டிகள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பார்த்தார்.

"அண்ணே, கெட்டிக்காரர்தான் நீங்க."

"எண்ணெய எப்படி இது பிடிச்சு வைக்குதுன்னுதான் எனக்குப் புரியல டீச்சர்."

"மெழுகு ஆறும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குத் துணுக்கா உறையுமாம். அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சாஞ்சு கூடு மாதிரி கட்டிக்கும். எண்ணெய் எண்ணெயாத்தான் இருக்கு, அந்தக் கூட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு."

அதனால்தான் அது நெடுநாள் தாங்கவில்லை. மாணவிகள் வரிசையாக வந்து அழுத்த அழுத்த, கூடு உடைந்து களிம்பு மாதிரி ஆகிவிடும். உடைந்த கூடு தானாகச் சேராது. திரும்ப உருக்கி ஊற்ற வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்து, கட்டிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, உருக்கி ஊற்றுவது அவருடைய வாடிக்கையானது.

ஒன்று மட்டும் அவரால் முடியவில்லை. அந்த உறுப்பின் பேர் அவர் வாயில் வராது. "இன்னைக்கு எத்தனை தலையணை வேணும் டீச்சர்?" என்பார். நாளடைவில் மாணவிகளும் தலையணை வகுப்பு என்றே சொல்ல ஆரம்பித்தார்கள்.

அவர் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையில் மிஷின். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் அவள்தான் தைத்தாள். அளவெடுக்கும்போதே, "போன தடவைக்கு இப்போ இடுப்பு என்னத்துக்கு இப்படி ஓடுது?" என்று கேட்டுவிடுவாள், யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவ்வளவு வாய் இருந்தும், புருஷன் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். ஆஸ்பத்திரி சாமான்களைப் பார்த்துக்கொள்கிறார் என்பதோடு சரி.

சாமான் அறைக்கு வெள்ளையடித்தபோது அச்சுகளை அவர் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அவள் துணிக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் சமையலறை அடுப்பில் எண்ணெயைச் சூடாக்கி ஊற்றி, ஆறியதும் ஒரு தட்டில் கவிழ்த்துத் துண்டைப் போட்டு மூடி வைத்தார்.

"என்னங்க இது?" வந்ததும் வராததுமாக அவள் கேட்டாள்.

"தலையணை."

"சமையல்கட்டுல என்ன தலையணை?" துண்டைத் தூக்கினாள். முகம் சிவந்துவிட்டது. "வெக்கமா இல்ல உங்களுக்கு? அடுத்த வீட்டுக்காரி தீப்பெட்டி கேட்டு வந்து பாத்திருந்தா?"

"பாத்திருந்தா என்ன? அவங்ககிட்ட இல்லாததா?"

கரண்டி பறந்தது. அவர் குனிந்துகொண்டார். அதன்பிறகு சாப்பாடு வைக்கும்போது தட்டு மட்டும்தான் சத்தம் போட்டது. வெள்ளையடித்து முடிந்ததும் முதல் வேலையாக அவர் எல்லாவற்றையும் பள்ளிக்கே எடுத்துப்போய்விட்டார்.

ஆனால் அதற்கு முன்பே, அவர் குளிக்கப் போன நேரத்தில் அவள் அந்தத் துண்டை மறுபடி விலக்கி, ஒருமுறை, கையை வைத்து அழுத்திப் பார்த்திருக்கிறாள். அது அவருக்கு அப்போது தெரியாது.

மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். வீட்டில் இவர்கள் இருவர்தான். ஒரு மழை நாளில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"நீங்க உள்ள வெக்கிறீங்களே, அந்தக் கட்டி. அது எப்படி இருக்கும்?"

அவருக்குக் காதை நம்ப முடியவில்லை. இத்தனை காலம் கழித்து இவள் தன் வேலையைப் பற்றிக் கேட்கிறாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உற்சாகமாகச் சொன்னார். உருண்டையாக இருக்கும், பட்டாணி மாதிரி, சிலது கொஞ்சம் பெரிசு. அழுத்தினால் விரலுக்குத் தட்டுப்படும். ஓரம் நன்றாகத் தெரியும். மெழுகை எவ்வளவு கூட்டினால் அந்தப் பதம் வரும், எந்த ஆழத்தில் வைக்க வேண்டும், எல்லாம் சொன்னார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இந்தப் பொத்தான் மாதிரியா?"

"ஆமா, அப்படித்தான் வெச்சுக்கயேன்."

"சரி" என்றாள். அன்று அவள் முகம் தெளிவாக இருந்தது என்று அவருக்கு ஞாபகம். அடுத்த சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தாள்.

அவள் ஏன் கேட்டாள் என்று அவர் கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் தோன்றவில்லை.

கொஞ்ச காலத்தில் அவள் மிஷின் சக்கரத்தை இடது கையால் திருப்ப ஆரம்பித்தாள். கேட்டதற்கு, "வயசாகுதுல்ல, தோள்பட்டை பிடிச்சுக்குது" என்றாள். துணி காயப்போடுவதை அவரிடம் தள்ளிவிட்டாள். அவரும் கொடியில் துணியைப் போட்டுக்கொண்டே, "கடைசில என்னைய வேலைக்காரனாக்கிட்ட" என்று கிண்டல் செய்தார். அவளுடைய சட்டைகளின் வலது பக்கத் தையலை அவளே பிரித்துத் தளர்த்தியிருந்ததை அவர் எங்கே கவனித்தார்.

கவனித்தது மகள். விடுமுறைக்கு வந்தவள், அம்மா உடை மாற்றும்போது ஏதோ எடுக்க அறைக்குள் போய்விட்டாள். வெளியே வந்தவள் நேராகப் போனை எடுத்தாள். அப்பாவுக்குப் போன் செய்து, "டீச்சரக் கூட்டிட்டு வாங்கப்பா. இப்பவே" என்று மட்டும் சொன்னாள்.

டீச்சர் வந்தார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்கள். மெழுகுக்காரர் முன்னறையில் மிஷின் பக்கத்தில் நின்றார். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. அவள் எதற்கோ சிரித்ததும் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு டீச்சர் வெளியே வந்தார். கைகளை ஒன்றோடொன்று பிசைந்துகொண்டிருந்தார். மெழுகுக்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். மாணவிகளுக்கு டீச்சர் பாடம் சொல்வதைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து எத்தனையோ முறை கேட்டவர். விரலுக்கு நகராத கட்டிக்குத்தான் பயப்பட வேண்டும் என்பார் டீச்சர். கேட்க வேண்டிய கேள்வி அவருக்குத் தெரியும்.

"நகருதா டீச்சர்?"

"இல்லண்ணே."

அவர் மிஷின் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். மகள் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள அவ தனியா இருக்கா. போம்மா" என்று மகளை அனுப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சுக்கூட்டோடு ஒட்டிவிட்டது, அக்குளிலும் கட்டிகள், முதுகெலும்புக்கும் போயிருக்கிறது என்றார்கள். அறுத்துப் பயனில்லை. மருந்து கொடுத்துப் பார்க்கலாம், வலிக்கும் கொடுக்கலாம். டாக்டர் நல்ல மனிதர். எதையும் மறைக்காமல், அவசரப்படாமல் சொன்னார். இவ்வளவு நாள் தெரியவே இல்லையா என்று அவர் கேட்டபோது அவள் பதில் சொல்லவில்லை.

மருந்து ஏற்றி வந்த பிறகு, வீட்டில், டீச்சர் பக்கத்தில் இருந்தபோதுதான் சொன்னாள்.

"தெரிஞ்சுது டீச்சர். தெரியாம இல்ல. ஆனா இவரு கொண்டுவந்தாரே, அத நான் அன்னைக்குத் தொட்டுப் பாத்தேன். உள்ள பொத்தான் மாதிரி ஒண்ணு இருந்துச்சு. எனக்கு இருந்தது அப்படி இல்ல. துணிய ரெண்டா மடிச்சுத் தச்சா விளிம்பு தடிமனா இருக்குமே, அப்படித்தான் இருந்துச்சு. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியல. எதுக்கும் கேட்டுடலாம்னு இவருகிட்டயும் கேட்டேன். பொத்தான் மாதிரின்னாரு. அப்போ நமக்கு இருக்கிறது அது இல்லன்னு விட்டுட்டேன்."

அவர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கொல்லைப்பக்கம் போனார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வாளி நிரம்பி வழிந்து தரையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் போய்க் குழாயை மூடினாள்.

மறுநாள் பள்ளிக்குப் போனவர் எல்லாத் தலையணைகளையும் கத்தியால் கீறினார். உள்ளே இருந்த கட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் எறிந்தார். டீச்சர் வந்து பார்த்தபோது முழங்கைவரை எண்ணெய்.

"அண்ணே, என்ன பண்றீங்க? உருண்டையாவும் வரும்ணே. நீங்க செஞ்சது பொய் இல்ல."

"பொய் இல்ல டீச்சர். பாதி. அந்தப் பாதியத்தானே அவ நம்பிட்டா."

புத்தகத்தில் இருந்த படமும் உருண்டையாகத்தான் இருந்தது. தேர்வில் மாணவி கண்டுபிடித்தாளா இல்லையா என்று சட்டென்று சொல்ல உருண்டைதான் வசதி என்று பள்ளியிலும் அதையே கேட்டு வாங்கினார்கள். அதையெல்லாம் அவரிடம் எடுத்துச் சொன்னார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் அது அவருக்குள் இறங்கியதாகத் தெரியவில்லை.

மருந்து அவளைப் புரட்டிப் போட்டது. முடி கொட்டியது. தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, "பாருங்க, எண்ணெய்ச் செலவு மிச்சம்" என்றாள். சில நாட்கள் எழுந்து உட்கார முடிந்தது. அப்படி ஒருநாள் அவரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. கையக் குடுங்க."

"எதுக்கு?"

"தொட்டுப் பாருங்க. அது எப்படி இருக்குன்னு பாத்து, அதே மாதிரி செய்யுங்க."

அவர் கையை இழுத்துக்கொண்டார். "என்ன பேச்சு பேசுற நீ?"

"சரியான பேச்சுதான் பேசுறேன். என்னை மாதிரி எத்தன பேரு பொத்தானத் தேடிட்டு இருக்காளோ."

"என்னால முடியாது."

"முப்பது வருஷமாத் தொடாததா? இப்ப என்ன புதுசா வெக்கம்?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. சாப்பிடமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தாள். மகள் கெஞ்சியும் நடக்கவில்லை. "உங்கப்பன வரச் சொல்லு" என்பதையே சொன்னாள். சாயங்காலம் அவர் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்திருந்தார், ஈரம்கூடக் காயவில்லை.

விரல்களை வைத்தார். டீச்சர் மாணவிகளுக்குச் சொல்வது போலவே, முதலில் மெல்ல, பிறகு கொஞ்சம் அழுத்தி, பிறகு இன்னும் அழுத்தி. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல. நீங்க பாருங்க."

அவள் சொன்னது போலத்தான் இருந்தது. மேட்டுநிலம் சமநிலத்தோடு எங்கே கலக்கிறது என்று சொல்ல முடியாதல்லவா, அது போல. ஓரம் இல்லை. அடியோடு ஊன்றி நின்றது. கையை உயர்த்தினால் மேலே தோல் ஓரிடத்தில் உள்ளே இழுத்தது. அவர் கண் கலங்காமல் எல்லாவற்றையும் பார்த்து முடித்தார். பிறகு அவள் சட்டையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "இப்பச் சாப்பிடுறியா?" என்று கேட்டார்.

அதன்பிறகு அவர்கள் வீட்டுச் சமையலறையில் அடுப்பில் எண்ணெய் சூடாவது வழக்கமாயிற்று. அடுத்த வீட்டுக்காரி வந்து பார்த்தாள். அவளிடம் மனைவியே எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள்.

அவருக்கு முதலில் பிடிபடவில்லை. கட்டியைத் தனியாக வார்த்து உள்ளே வைத்தால் எப்படியும் ஓரம் தெரிந்தது. அதனால், கீழே ஊற்றிய மெல்லிய பதம் பாதி உறைந்துகொண்டிருக்கும்போதே, மெழுகு கூடின கெட்டிப் பதத்தை அதன் மேல் தாறுமாறாக விட்டார். சூடு பட்டு அடியில் இருந்தது இளகி, இரண்டும் கலந்து ஒட்டிக்கொண்டன. அதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். அவள் ஒரு கையால் அதை அழுத்தி, இன்னொரு கையால் தன்னை அழுத்திப் பார்ப்பாள். துணி அளந்து பார்க்கும்போது இருக்கும் அதே முகம்.

"இது கல்லு மாதிரி இருக்கு. நடுவுல மட்டும் கெட்டியா இருக்கணும், போகப் போகக் குறையணும்."

"சரி."

"இந்தப் பக்கம் விளிம்பு தெரியுது. பிரிச்சுட்டுத் திரும்பப் பண்ணுங்க."

"வாடிக்கையாளருங்க உன்னைய எப்படித்தான் பொறுத்துக்கிட்டாங்களோ."

"நான் தச்சது அவங்களுக்குப் பொருந்துச்சு. நீங்க செஞ்சது எனக்குப் பொருந்தலையே."

இருவரும் சிரித்தார்கள். மகள் அடுத்த அறையில் இருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டாள். இப்படி ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேலை செய்து அவர்களை அவள் பார்த்ததே இல்லை.

தோல் உள்ளே இழுப்பதை எப்படிக் கொண்டுவருவது என்று அவருக்கு விளங்கவில்லை. அதை அவள்தான் செய்தாள். மெல்லிய நூல் ஒன்றை ரப்பர் தோலின் உட்பக்கத்தில் தைத்து, அதன் நுனியை உறையாத கெட்டிப் பதத்துக்குள் விடச் சொன்னாள். உறைந்த பிறகு உருவத்தை ஒரு பக்கமாகத் தூக்கினால் நூல் இழுக்க, தோலில் சின்னதாக ஒரு குழி விழுந்தது. ஊசியில் நூல் கோர்க்கவே அவளுக்கு அன்று நெடுநேரம் பிடித்தது. மகள் வாங்கிக் கோர்க்கப் போனாள், கொடுக்கவில்லை.

"இதுதான்" என்றாள், கடைசியாக அவர் கொண்டுவந்ததைத் தொட்டு. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை தொட்டாள். "இதுதாங்க."

அதற்கப்புறம் அவள் அதிக காலம் இருக்கவில்லை. முதுகுவலி கூடியது, மருந்தில் பெரும்பாலும் தூக்கத்திலேயே கிடந்தாள். மகள் ஊருக்குத் திரும்பவே இல்லை. ஒரு காலை நேரத்தில், அவர் டீ போட்டுக்கொண்டிருந்தபோது, மகள் அறையிலிருந்து, "அப்பா" என்று கூப்பிட்டாள். அந்த ஒரு கூப்பாட்டிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனார்.

சில நாட்கள் கழித்து அவர் பள்ளிக்குத் திரும்பினார். டீச்சர் அந்தப் புதிய உருவத்தை உடனே வகுப்புக்கு எடுக்கவில்லை. அவரே கொண்டுவந்து மேசையில் வைத்து, "எடுத்துட்டுப் போங்க டீச்சர். வெச்சிருந்தா எண்ணெய் கசியும்" என்றார்.

அன்று வகுப்பு நடந்தபோது அவர் சுவருக்கு இந்தப் பக்கம் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். முதல் மாணவி அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றாள். அடுத்தவளும், "ஒண்ணும் இல்ல." ஒருவர் பின் ஒருவராகச் சின்னப் பிள்ளைகளின் தெளிவான குரலில் அதே சொல். அவர் மடித்த விரிப்பையே பிரித்துப் பிரித்துத் திரும்ப மடித்தார். டீச்சர் அதட்டவில்லை. "திரும்பப் பாருங்க. பொத்தானத் தேடாதீங்க. ரெண்டு பக்கத்தையும் தொட்டுப் பாத்து, எங்க வேற மாதிரி இருக்குன்னு பாருங்க" என்று ஒவ்வொருத்தியின் விரலையும் பிடித்து வைத்துக்காட்டினார்.

காலப்போக்கில் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். படிப்பு முடிந்து வார்டில் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி ஒருநாள் சாமான் அறைக்கு வந்தாள். காய்ச்சல் என்று வந்த ஒரு பெண்ணுக்குத் தற்செயலாகப் பார்த்ததில் கண்டுபிடித்ததாகச் சொன்னாள். ஓரமே தெரியவில்லையாம், அந்தத் தலையணையில் தொட்டது போலவே இருந்ததாம்.

"அந்தம்மா பொழைச்சுக்குவாங்களா?"

"பொழைச்சுக்குவாங்க அங்கிள். ரொம்பச் சின்னதா இருக்கும்போதே பாத்துட்டோம்."

"நல்லதும்மா. ரொம்ப நல்லது" என்றார். அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர் வேலைக்கு வரவில்லை.

அந்த உருவத்திலும் ஒரு கஷ்டம் இருந்தது. பழைய கட்டிகளைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். இது அடியோடு கலந்தது. மாணவிகள் அழுத்தி அழுத்திக் குழைந்துபோனபின் உருக்கினால், கட்டியும் சேர்ந்து கரைந்துவிடும். ஒவ்வொரு முறையும் அவர் புதிதாகச் செய்ய வேண்டும். நூலைப் புதிதாகத் தைக்க வேண்டும். சரியா தப்பா என்று அவரேதான் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் விரல் தானாகச் சொன்னது. வருஷங்கள் போகப் போக, ஊற்றி முடித்துவிட்டு நெடுநேரம் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார்.

ஒருநாள் டீச்சரைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க டீச்சர். இது அவளோடத மாதிரி இருக்கா, இல்ல போன தடவ நான் செஞ்சது மாதிரி இருக்கா? எனக்கு இப்பத் தெரியல. கை மறந்துபோச்சு."

டீச்சர் உட்கார்ந்து, கண்ணை மூடி, அழுத்திப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனுஷரிடம் மனசு வரவில்லை.

"எனக்கும் சரியா ஞாபகம் இல்லண்ணே. அண்ணிய நான் தொட்டது ஒரே ஒரு தடவதான். ஆனா இப்படி ஒண்ணு கையில பட்டா நான் விடமாட்டேன். அது மட்டும் தெரியும்."

"அது போதும்னுதான் எனக்கும் தெரியுது டீச்சர்" என்றார். சொன்னவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவள் போன அன்றுகூட அவர் அழுததை யாரும் பார்த்ததில்லை. இப்போது வாய்விட்டு அழுதார். டீச்சர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். வகுப்புக்காகப் படிக்கட்டில் காத்துக்கொண்டிருந்த மாணவிகளிடம், "கொஞ்ச நேரம் ஆகும், எல்லாரும் மேல போய் இருங்க" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மகளுக்குப் போன் செய்தார். அப்பா நலமா, சாப்பிட்டாச்சா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, "அம்மாவப் பத்தி ஏதாவது சொல்லு" என்றார்.

"என்னப்பா சொல்ல?"

"எதுன்னாலும் சரி. உனக்கு என்ன ஞாபகம் இருக்கோ அது."

மகள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, தான் சின்ன வகுப்பில் படித்தபோது அம்மா பள்ளிச் சீருடைக்குக் கையை வேண்டுமென்றே நீளமாகத் தைத்ததையும், வளர்கிற பிள்ளை என்று சொல்லிவிட்டதையும், வருஷம் பூராவும் கையை மடித்துவிட்டுக்கொண்டே தான் அலைந்ததையும் சொன்னாள். கையை மடிக்காமல் போன ஒருநாள் வகுப்பு ஆசிரியை தன்னைக் கூப்பிட்டு, "உன் கை எங்கடி?" என்று கேட்டார்களாம்.

அவருக்கு இது தெரியாது. "அப்படியா?" என்றார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அப்புறம்?" என்றார்.